ஜமீன் பட்டாவும் நெல் கொள்முதலும்: குமாரசாமி ராஜாவின் மூன்று ஆண்டுகள்

ராஜபாளையம், சேத்தூர் பக்கம் பழைய ஜமீன் கிராமத்தில் நிலம் வைத்திருக்கும் விவசாயிகள், பெட்டியில் கிடக்கும் தாத்தா காலத்துப் பட்டாவை ஒரு முறை எடுத்துப் பார்க்க வேண்டும். செட்டில்மெண்டு அதிகாரி கொடுத்த பட்டாவாக இருந்தால் அது 1948-ம் ஆண்டு 26-வது சட்டத்தின் பலன். ஜமீன் ஒழிப்புச் சட்டம் என்று நாம் சொல்வது அதைத்தான்.

சட்டத்தைச் சட்டசபையில் நிறைவேற்றியது ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மந்திரிசபை. ஆனால் 1949 ஏப்ரலில் அது அமலுக்கு வந்தபோது முதன் மந்திரியாக இருந்தவர் நம் ராஜபாளையத்துக்காரரான பி.எஸ். குமாரசாமி ராஜா. அந்த மாதம் 6-ந் தேதிதான் அவர் பதவி ஏற்றிருந்தார். சட்டம் போடுவது ஒரு வேலை. ஜமீனை ஜமீனாக எடுத்து, அளந்து, கணக்கு எழுதுவது வேறு வேலை. இந்த இரண்டாவது வேலைதான் அவர் தலையில் விழுந்தது.

ராஜா 1898-ல் பிறந்தவர். காந்தியடிகளின் வழியில் காங்கிரசுக்கு வந்து, 1934-ல் டில்லி மத்திய சட்டசபைக்கும், 1937-லும் 1946-லும் சென்னை சட்டசபைக்கும் போனவர்.

ஜமீன் ஒழிப்பால் விவசாயிக்குக் கிடைத்தது என்ன? ஜமீனில் ரயத்து நிலத்தை வைத்திருந்தவருக்கு ரயத்துவாரிப் பட்டா கிடைத்தது. இனி தீர்வையை நேரே சர்க்காருக்குக் கட்டினால் போதும். கண்மாய், ஓடை, மேய்ச்சல் நிலம், புறம்போக்கு, காடு எல்லாம் சர்க்கார் வசமாயின. மலையடிவார ஓடைகளை நம்பிக் கண்மாய்ப் பாசனம் செய்யும் நம் பகுதிக்கு, பட்டாவைவிட இதுவே பெரிய விஷயம் என்பது என் எண்ணம்.

குறையும் இருந்தது. ஜமீன்தாரின் சொந்தப் பண்ணை நிலத்துக்கு அவரே பட்டா பெற முடிந்தது. அந்த நிலத்தில் வாரத்துக்கும் குத்தகைக்கும் உழுதவருக்கு இந்தச் சட்டம் கை கொடுக்கவில்லை. அவர்கள் 1955-ல் வந்த குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

இத்தனை செய்தும் 1952 பொதுத் தேர்தலில் ராஜா தோற்றார். அதுவும் சொந்த வட்டாரமான ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியில்! காரணம் பல சொல்வார்கள். விவசாயி மனதில் முன்னால் நின்றது உணவுக் கட்டுப்பாடு. மழை பொய்த்த வருஷங்கள் அவை. பட்டணத்தில் ரேஷன் நடக்க வேண்டுமானால் கிராமத்தில் நெல் எடுத்தாக வேண்டும். வீட்டுச் செலவுக்கும் விதைக்கும் போக மிஞ்சியதைச் சர்க்கார் விலைக்கு அளக்கச் சொன்னார்கள். வெளியில் கூடுதல் விலை இருந்தும் விற்க முடியவில்லை. ஜில்லா விட்டு ஜில்லா நெல் கொண்டு போகவும் தடை. பட்டா கைக்கு வர வருஷக்கணக்கில் ஆகும். கொள்முதல் அதிகாரியோ அறுப்பு முடிந்ததும் களத்தில் வந்து நிற்பார். ஓட்டுப் போடப் போகிறவனுக்கு எது நினைவில் இருக்கும்?

மாகாணம் முழுவதும் இதே கதைதான். 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152. மந்திரிகள் பலரும் தோற்றார்கள். அடுத்து வந்த ராஜாஜி, 1952 ஜூன் மாதமே உணவுக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டார். ரேஷனைத் தளர்த்தாமல் காத்த ராஜாவின் நிலை தவறா? விளையாத வருஷத்தில் நிலமில்லாத கூலிக்காரனுக்குப் படியரிசி கிடைத்ததும் அதே கொள்முதலால்தான். இதையும் சேர்த்தே எடை போட வேண்டும்.

பின்னர் ராஜா 1954 முதல் 1956 வரை ஒரிசா கவர்னராக இருந்தார், 1957-ல் காலமானார். ராஜபாளையத்தில் தாம் குடியிருந்த வீட்டையே பொதுக்காரியத்துக்குக் கொடுத்தார். அதுதான் இன்றைய காந்தி கலை மன்றம்.

பட்டா விஷயத்துக்கு வருவோம். செட்டில்மெண்டு பட்டா இன்னும் தாத்தா பெயரிலேயே இருந்தால், வாரிசுச் சான்றும் பாகப் பத்திரமும் வைத்துப் பட்டா மாறுதலுக்கு மனுப் போடுங்கள். சர்வே எண்ணும் பரப்பும் கிராம 'அ' பதிவேட்டில் சரியாக இருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வயலுக்கு வரும் ஓடை எந்த சர்வே எண்ணில் புறம்போக்காகப் பதிவாகியிருக்கிறது என்பதையும் அப்போதே குறித்துக்கொண்டு வந்துவிடுங்கள்.