கூத்தாடியும் கூலிக்காரனும்

"கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான்" என்று நம் ஊர்ப்பக்கம் ஒரு பழமொழி உண்டு. இரவெல்லாம் ஆடுகிறவன் எப்போது பொழுது விடியும் என்று கிழக்கு வானத்தைப் பார்க்கிறான். பகலெல்லாம் மண் வெட்டுகிறவன் எப்போது பொழுது சாயும் என்று மேற்கு வானத்தைப் பார்க்கிறான். திசைதான் வேறு. வேலை முடிய வேண்டும், கூலி கைக்கு வர வேண்டும் என்ற எண்ணம் இருவருக்கும் ஒன்றே.

இந்தப் பழமொழியைச் சொன்ன பெரியவர்கள் கூத்தாடியைப் பிச்சைக்காரனுக்குப் பக்கத்தில் நிறுத்தவில்லை. கூலிக்காரனுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். இன்றோ நம் வீடுகளில் 'கூத்தாடி' என்பது வசைச்சொல். படிக்காத பிள்ளையை "கூத்தாடப் போகிறாயா?" என்றுதான் திட்டுகிறோம். மும்பையில் ஆண்டுதோறும் நடக்கும் ஒரு தெரு விழாவைப் பார்த்துப் பார்த்து, பெரியவர்கள் சொன்னதே சரி என்ற முடிவுக்கு நான் வந்திருக்கிறேன். அதற்கான காரணங்களை நம் சங்கக் குடும்பங்களுடன் பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

கறுப்புக் குதிரைப் பேட்டை

சர்ச்கேட் நிலையத்தில் இறங்கிப் பதினைந்து நிமிடம் நடந்தால் காலா கோடா வரும். 'கறுப்புக் குதிரை' என்று பொருள். வேல்ஸ் இளவரசராக இருந்த ஏழாம் எட்வர்டு குதிரைமேல் அமர்ந்திருக்கும் சிலை ஒன்று அங்கே இருந்தது. அதைச் செய்வித்தவர் ஆல்பர்ட் சசூன். 1965-இல் அந்தச் சிலையை எடுத்து பைகுல்லா விலங்குப் பூங்காவில் வைத்துவிட்டார்கள். ஆனாலும் பெயர் தெருவை விட்டுப் போகவில்லை. 2017-இல் அங்கே புதிதாக ஒரு குதிரை வந்தது. அதன்மேல் ராஜா இல்லை, வெறும் குதிரைதான்.

1998-இல் அந்த வட்டாரத்தைப் பாதுகாக்க ஒரு சங்கம் தொடங்கினார்கள். மறு ஆண்டு, 1999-இல், கலை விழாவை ஆரம்பித்தார்கள். இப்போதெல்லாம் பெரும்பாலும் ஜனவரிக் கடைசியிலோ பிப்ரவரி முதலிலோ ஒன்பது நாட்கள் நடக்கிறது. ஜஹாங்கீர் ஓவியக் கூடமும் டேவிட் சசூன் நூலகமும் உள்ள பகுதியில் ஒரு தெருவையே வண்டிகளுக்கு அடைத்துவிடுவார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. ஓவியம், நாடகம், இசை, நடனம், நகைச்சுவை எல்லாம் உண்டு. பெரிய மேடைகளில் நடப்பதைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதிவிடும். நான் சொல்ல வருவது மேடை இல்லாமல், தரையில், ஜனங்களுக்கு நடுவில் நடக்கும் ஆட்டத்தையும் சிரிப்பையும் பற்றி.

வட்டத்தின் கணக்கு

ரயில்வேயில் 34 ஆண்டுகள் தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் இருந்தவன் நான். டிப்ளமோ படிப்புதான் என்றாலும் எதைப் பார்த்தாலும் அளந்து பார்க்கும் பழக்கம் இன்னும் போகவில்லை.

தெருவில் ஆடுகிறவர்களுக்கு முதல் வேலை ஆட்டம் அல்ல, வட்டம் அமைப்பது. டோலக்கோ தப்போ ஒலிபெருக்கியோ முழங்க, ஒருவர் கைகளை விரித்து ஓடி இடம் பிடிப்பார். நடுவிலிருந்து 3 மீட்டர் தள்ளி முதல் வரிசை நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டத்தின் சுற்றளவு சுமார் 19 மீட்டர். ஆளுக்கு அரை மீட்டர் என்றால் 38 பேர். அதற்குப் பின்னால் அரை மீட்டர் விட்டு இரண்டாவது வரிசையில் 44 பேர், மூன்றாவதில் 50 பேர். ஆக மொத்தம் சுமார் 130 பேர் நன்றாகப் பார்க்கலாம். நான்காவது வரிசைக்கு முன்னால் நிற்பவரின் பின்னந்தலைதான் தெரியும்.

அனுபவமுள்ள குழுவினர் இதற்கு இரண்டு உபாயம் வைத்திருக்கிறார்கள். ஒன்று, குழந்தைகளை முன்னால் அழைத்துத் தரையில் உட்கார வைப்பது. குழந்தைகள்மேல் உள்ள பாசம் மட்டும் இதற்குக் காரணம் அல்ல. பின்னால் இருப்பவர்களின் பார்வையை மறைக்காத ஒரு வரிசை கூடுதலாகக் கிடைக்கிறது. இரண்டு, முக்கியமான வித்தையை ஆள் உயரத்துக்குமேல் தூக்குவது. ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறுவதும், பொய்க்காலில் நடப்பதும், நம் கழைக்கூத்தாடிகள் மூங்கில்மேல் ஏறுவதும் நான்காம் வரிசைக்காகத்தான். ஒலிக்கும் கணக்கு உண்டு. திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் ஒலியின் செறிவு நாலில் ஒரு பங்காகிவிடும். அதனால்தான் பல தெருக்கூத்துகள் தாளவாத்தியத்தோடு தொடங்குகின்றன.

தலைகீழ் ஆட்டம்

இந்த விழாவில் இளைஞர்கள் ஆடுவது பெரும்பாலும் 'பிரேக்கிங்' என்னும் ஆட்டம். நம் வீட்டுப் பெரியவர்கள் இதைப் பார்த்து, "கீழே விழுந்து புரளுகிறான்கள்" என்பார்கள். இதற்கும் இலக்கணம் உண்டு. 1970-களில் நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில், கறுப்பின, போர்ட்டோ ரிக்கோ இளைஞர்களிடம் பிறந்த ஆட்டம் இது. பாட்டு நின்று தாளம் மட்டும் ஒலிக்கும் இடத்துக்கு 'பிரேக்' என்று பெயர். இரண்டு இசைத்தட்டுகளை மாற்றி மாற்றி ஓட்டி அந்த இடத்தையே நீட்டினார்கள். அந்த நேரத்தில் ஆடியது பிரேக்கிங் ஆயிற்று. அது 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் போட்டியாகவே இடம்பெற்றது.

ஆட்டத்தில் நான்கு பகுதி. முதலில் நின்றபடி கால்வரிசை. பிறகு கைகளை ஊன்றித் தரையோடு தரையாகக் கால்வேலை. அதன்பின் முதுகிலும் தோளிலும் தலையிலும் சுழல்வது. கடைசியில் ஒற்றைக் கையிலோ தலையிலோ சிலைபோல் உறைந்து நிற்பது. தலையை ஊன்றிச் சுழல்கிறவன் முதலில் கால்களை அகல விரித்திருப்பான். பிறகு சட்டென்று சேர்த்துக்கொள்வான். உடனே வேகம் கூடும். சுழலும் பொருளின் எடை அச்சுக்கு அருகே வந்தால் வேகம் கூடும் என்ற விதியை நாங்கள் பாலிடெக்னிக்கில் சூத்திரமாகப் படித்தோம். அந்தப் பையன் கழுத்தால் படித்திருக்கிறான். தலைக்குத் தடித்த குல்லாய், தரைக்கு அட்டை அல்லது வழுவழுப்பான விரிப்பு. உராய்வைக் குறைக்கும் உபாயமும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது.

அப்படி ஆடிய ஒரு குழுவில் ஒரு பையன் மூச்சு வாங்கிக்கொண்டே பக்கத்தில் இருந்தவனிடம் தமிழில் பேசியது காதில் விழுந்தது. விசாரித்தேன். தாராவி. தாத்தா காலத்தில் திருநெல்வேலியிலிருந்து வந்த குடும்பம். "மத்த நாள்ல ஸ்டேஷன் வாசல்ல ஆடினா எந்திரிச்சுப் போன்னு விரட்டுவாங்க, அங்கிள். இங்க எங்களுக்காக ரோட்டையே அடைச்சுக் குடுக்கறாங்க" என்றான். வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டேன். "அப்பாவுக்குத் தெரியாது" என்று சிரித்தான்.

தாராவி பையன்களின் இந்த ஆட்டமும் ராப் பாட்டும் இன்று மும்பைக்கு வெளியிலும் பேர் பெற்றவை. 2018-இல் வந்த 'காலா' படத்தில் தாராவியின் ராப் இளைஞர்கள் பாடியிருக்கிறார்கள். பலர் தாங்கள் கற்றதைத் தெருப்பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் சொல்லித் தருகிறார்கள். இதெல்லாம் தெரியாத அப்பா தாராவியில் மட்டும் இருப்பதாக எண்ண வேண்டாம். நம் காலனிகளிலும் இருக்கிறார்.

சிரிக்க வைக்கும் சிரமம்

தெருவில் ஆடுவதைவிடச் சிரிக்க வைப்பது கடினம். அரங்கத்தில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவர் எழுந்து போகமாட்டார். தெருவில் நிற்பவருக்குக் கால் இருக்கிறது, அவசரமும் இருக்கிறது. ஆகவே தெருக் கோமாளி நீண்ட கதை சொல்ல முடியாது. இரண்டு நிமிடத்துக்கு ஒரு சிரிப்பு வர வேண்டும். நடுவில் வந்து சேர்ந்தவருக்கும் அது புரிய வேண்டும். அதற்கு அவர் கையாளும் வழி, கூட்டத்திலிருந்தே ஒருவரைப் பிடிப்பது. செல்போனில் பேசிக்கொண்டே குறுக்கே போகிறவரை அவர் பின்னாலேயே அவரைப்போல் நடந்து காட்டுவார். வசனம் இல்லை, மொழி தேவையில்லை. மராட்டியரும் குஜராத்தியரும் தமிழரும் ஒரே நேரத்தில் சிரிப்பார்கள்.

இந்த மண்ணுக்கு இது புதிதல்ல. மராட்டியரின் 'தமாஷா'வில் முதலில் கணபதி துதி. அடுத்து கண்ணனும் இடைச்சியரும் வரும் 'கவ்ளண்'. அதில் பெண்வேடமிட்ட ஆண் 'மாவ்ஷி' என்ற சித்தியாக வந்து கண்ணனையே மடக்கிக் கேள்வி கேட்பார். 'சோங்காட்யா' என்ற கோமாளி பெரிய மனிதர்களைக் கிண்டல் செய்வார். நம் தெருக்கூத்தில் கட்டியங்காரன் செய்வதும் இதேதான். ராஜாவை அறிமுகம் செய்துகொண்டே ஊர் நிர்வாகத்தையும் ஒரு குத்து குத்திவிடுவான். லாவணி ஆடும் பெண்கள் ஒன்பது கஜச் சேலையைக் கச்சம் வைத்துக் கட்டுவதைப் பார்த்தால், நம் பாட்டிமார் சிலர் கட்டிய மடிசார் ஞாபகம் வரும். காலுக்கு விடுதலை கொடுக்கும் கட்டு அது.

கல்யாண் ரயில்வே குடியிருப்பில் நாங்கள் இருந்தபோது 'பஹுரூபி' ஒருவர் வருவார். ஊரில் பகல்வேஷக்காரர்கள் வருவதுபோல. ஒரு நாள் போலீஸ் இன்ஸ்பெக்டர் உடுப்பில் வந்து, "உங்கள் வீட்டு ரசத்தின் வாசனை அடுத்த பிளாக் வரை அத்துமீறி வந்திருக்கிறது, இரண்டு ரூபாய் அபராதம்" என்று என் மனைவியிடம் ரசீது எழுதி நீட்டினார். அவர் அந்த இரண்டு ரூபாயையும் கொடுத்து, ரசமும் கொடுத்து அனுப்பினார்.

தட்டு சுற்றும் நேரம்

பல நாட்டுத் தெருக்கலைஞரிடம் ஒரு வழக்கம் உண்டு. மிகப் பெரிய வித்தைக்குச் சற்று முன்னால் ஆட்டத்தை நிறுத்தித் தட்டையோ தொப்பியையோ சுற்றி வரச் செய்வார்கள். முடிந்தபின் சுற்றினால் பாதிப் பேர் நழுவிவிடுவார்கள். 130 பேரில் பாதிப் பேர் பத்துப் பத்து ரூபாய் போட்டால் 650 ரூபாய். ஐந்து பேர் குழு என்றால் ஆளுக்கு 130. அதில் ஒலிபெருக்கியின் பேட்டரி, ரயில் கட்டணம், கை பிசகினால் வைத்தியம் எல்லாம் அடங்கும். இதைத் தர்மம் என்பது தகுமா? டிக்கெட் கவுன்டர் ஆட்டத்துக்கு நடுவில் வருகிறது, வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆனால் சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. 1959-இல் அன்றைய பம்பாய் மாநிலத்தில் இயற்றப்பட்ட பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம், பொது இடத்தில் பாடியும், ஆடியும், ஜோசியம் சொல்லியும், வித்தை காட்டியும் காசு கேட்பதைப் பிச்சை என்ற விளக்கத்துக்குள்ளேயே அடக்கிற்று. முதல் முறை பிடிபட்டாலே ஓராண்டிலிருந்து மூன்றாண்டு வரை காப்பு இல்லத்தில் அடைக்கலாம். இந்தச் சட்டம் பின்னர் டில்லிக்கும் விரிவுபடுத்தப்பட்டது. 2018 ஆகஸ்ட் 8 அன்று டில்லி உயர் நீதிமன்றம், பிச்சையெடுப்பதைக் குற்றமாக்கும் பிரிவுகள் அரசியல் சட்டத்துக்கு முரணானவை என்று தள்ளுபடி செய்தது. அந்தத் தீர்ப்பு டில்லிக்கு மட்டும் உரியது.

யோசித்துப் பாருங்கள். விழா நாளில் கைதட்டப்படும் அதே ஆட்டம், விழா முடிந்த மறுநாள் அதே நடைபாதையில் நடந்தால் பிச்சை என்று சட்டம் சொல்லக்கூடும். ஆட்டம் மாறவில்லை, தெருவின் தேதிதான் மாறியிருக்கிறது.

நாம் செய்யக்கூடியது

சட்டத்தை மாற்றுவது நம் கையில் இல்லை. நம் பழக்கத்தை மாற்றுவது இருக்கிறது. அடுத்த விழாவுக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்லுங்கள். முன்வரிசையில் உட்கார வையுங்கள். நின்று பார்த்தால் காசு கொடுங்கள். பிடிக்காவிட்டால் தட்டு வருவதற்கு முன்பே நகர்ந்துவிடுங்கள். கொடுக்கும்போது எறியாமல், குழந்தையின் கையில் கொடுத்துத் தட்டில் வைக்கச் சொல்லுங்கள். "பாவம், போடு" என்று சொல்ல வேண்டாம். "நன்றாக ஆடினார்கள், கொடு" என்று சொல்லுங்கள். இந்த இரண்டு வாக்கியத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் குழந்தை ஆயுசுக்கும் மறக்காது.

நம் சங்கத்தின் பொங்கல் விழாவில் பாட்டுக் கச்சேரிக்கும் பட்டிமன்றத்துக்கும் சன்மானம் கொடுக்கிறோம். அரை மணி நேரம் தாராவி இளைஞர்களுக்கோ ஒரு பஹுரூபிக்கோ ஒதுக்கி, அதே உறையில் அதே மரியாதையோடு சன்மானம் கொடுத்தால் என்ன? அந்தப் பையனின் அப்பாவையும் அழைத்து முன்வரிசையில் உட்கார வைக்கலாம். பிள்ளை கூத்தாடுவதை அவர் பார்க்கட்டும். கூலியோடு திரும்புவதையும் பார்க்கட்டும். செயற்குழு அன்பர்கள் இதைப் பரிசீலிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.