தூரம் ஒன்று, நேரம் இரண்டு

லண்டன் மாநகரத்து ஹீத்ரோ விமான நிலையத்திற்கும் நியூயார்க்கின் கென்னடி விமான நிலையத்திற்கும் இடையேயுள்ள தூரம் ஏறத்தாழ 5,550 கிலோமீட்டர். ஆயினும், லண்டனிலிருந்து மேற்கே புறப்படும் ஜெட் விமானம் ஏழரை மணி நேரம்வரை பறந்து போய்ச் சேர, அதே விமானம் கிழக்கு நோக்கித் திரும்புகையில் ஆறரை மணி நேரத்திலேயே வந்துவிடுவது சகஜம்.

முதலில் அந்தத் தூரத்தைப் பார்ப்போம். தட்டையான படத்தில் இவ்விரு நகரங்களையும் நேர்கோட்டால் இணைத்தால், அது நடுச்சமுத்திரத்தின் வழியே செல்வதாகத் தோன்றும். பூகோள உருண்டையின்மீது ஒரு நூலை இழுத்துப் பிடித்தாலோ, அது வடக்கே ஏறி, நியூஃபவுண்ட்லாந்துத் தீவையும் அயர்லாந்தின் தென்பகுதியையும் தழுவிச் செல்லக் காணலாம். பெருவட்டம் எனப்படும் அதுவே மிகக் குறுகிய மார்க்கம்.

இனி நேரம். பூமி சுழல்வதால்தான் இந்த வித்தியாசம் என்று எண்ணுவோர் பலர். விமானத்தின் கீழே பூமி கிழக்காக நழுவிப்போவது மெய்யானால், மேற்கே செல்லும் பிரயாணமன்றோ விரைவில் முடியவேண்டும்? நடப்பது நேர்மாறு, ஏனெனில் வாயுமண்டலமும் பூமியோடு கூடவே சுழல்கிறது. மெய்யான காரணம், உஷ்ண மண்டலத்துக் காற்றும் துருவத்துக் குளிர்காற்றும் அடுத்தடுத்து நிற்கும் அட்சரேகைகளில், அவ்வெப்ப வேற்றுமையால் உண்டாகி, பூமியின் சுழற்சியால் திசை திருப்பப்பட்டு, பத்துக் கிலோமீட்டர் உயரத்தையொட்டி மேற்கிலிருந்து கிழக்காகப் பாயும் ஜெட் காற்றோட்டமே. குளிர்காலத்தில் அதன் உக்கிரம் அதிகம். ஜப்பானிய விஞ்ஞானி வாசபுரோ ஓயிஷி, 1920-களிலேயே பலூன்களைப் பறக்கவிட்டு இக்காற்றை அளந்து, எஸ்பெராந்தோ மொழியில் வெளியிட்டார். அந்த அரிய உழைப்பை உலகம் அப்போது கவனியாமற்போனது வருந்தத்தக்கது.

2020 பிப்ரவரியில், கியாரா என்னும் புயலின்போது, பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து 4 மணி 56 நிமிஷத்தில் லண்டனை அடைந்தது. தரையை நோக்க அதன் வேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரையும் கடந்தது. ஆனால் தன்னைச் சூழ்ந்த காற்றை நோக்க, அது ஒலியின் வேகத்தை எட்டவேயில்லை.

போகையில் இழந்ததை வருகையில் ஈட்டிவிடலாமே என்று தோன்றும். கணக்கு அதற்கு இடங்கொடுக்கவில்லை. அசையாத காற்றில் மணிக்கு 900 கிலோமீட்டர் பறக்கும் விமானத்திற்கு, ஒரு வழிக்கு 6 மணி 10 நிமிஷம் வீதம், போகவர 12 மணி 20 நிமிஷம் ஆகும். 150 கிலோமீட்டர் வேகக் காற்று வீசினால், எதிர்காற்றில் 7 மணி 24 நிமிஷமும், பின்காற்றில் 5 மணி 17 நிமிஷமுமாக மொத்தம் 12 மணி 41 நிமிஷம். எதிர்காற்றின் பிடியில் விமானம் கழிக்கும் நேரமே அதிகமாதலால், நஷ்டமும் எப்போதும் அதிகமே.

ஆகவே, கனடாவின் காண்டரிலும் ஸ்காத்லாந்தின் பிரெஸ்ட்விக்கிலும் உள்ள வான்வழிக் கட்டுப்பாட்டு நிலையங்கள், அன்றன்றைய காற்றை ஆராய்ந்து, சமுத்திரத்தின் மேல் நாள்தோறும் புதிய பாதைகளை வகுக்கின்றன. கிழக்கே வருவோருக்குக் காற்றின் நடுவோட்டத்தை ஒட்டிய பாதை; மேற்கே போவோருக்கு அதை விட்டு விலகி, சில நாட்களில் கிரீன்லாந்தின் அருகுவரைகூட ஏறிச் செல்லும் பாதை. கிலோமீட்டர் கணக்கில் இது நீண்டதுதான். எனினும் குறுகிய பெருவட்டத்தில் எதிர்காற்றோடு போராடும் விமானத்தைக் காட்டிலும், இவ்வழி சுற்றிச் சென்ற விமானம் முன்னதாகவே நியூயார்க்கில் இறங்கிவிடுவதுண்டு.