கம்பியில்லாத் தோட்டக் கருவிகளைக் கையாளும் முறை

சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் மாங்காய் அறுவடை முடிந்து, கூழ்த் தொழிற்சாலைகளுக்குத் தோத்தாபுரிக் காய்களை ஏற்றிய கடைசி வண்டியும் சென்ற பின்னர், தோப்புகளில் கவாத்து வேலை தொடங்குகிறது. காய்ந்த கிளைகளையும் நெருக்கமாக வளர்ந்த கொப்புகளையும் நீக்கினால்தான் மரத்தினுள் வெயிலும் காற்றும் புகும். அரிவாளும் கைரம்பமும் செய்து வந்த இவ்வேலைக்கு, மின்கலத்தால் இயங்கும் கவாத்துக் கத்தரி, சங்கிலி ரம்பம், புல்வெட்டும் யந்திரம் ஆகியவை இப்போது உதவுகின்றன. கிணற்றடியிலிருந்து நீண்ட மின்கம்பியை இழுத்துச் செல்ல வேண்டியதில்லை; பெட்ரோல் புகையும் இல்லை.

ஆயினும் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். மின்கம்பி பூட்டிய கருவியில் கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டால் கருவி உயிரற்றதாகிவிடும். கம்பியில்லாக் கருவியோ தனக்கு வேண்டிய சக்தியைத் தன்னுள்ளேயே சுமந்துகொண்டிருக்கிறது. தரையில் கிடக்கும்போதும் அது இயங்குவதற்கு ஆயத்தமாகவே இருக்கிறது.

மின்கலத்தின் அமைப்பு

இக்கருவிகளில் பெரும்பாலும் இலிதியம்-அயனி மின்கலங்களே அமைந்துள்ளன. இவ்வகை 1991-இல் விற்பனைக்கு வந்தது. இதனை உருவாக்கியமைக்காக ஜான் குடெனஃப், ஸ்டான்லி விட்டிங்காம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-இல் இரசாயனத்திற்கான நோபெல் பரிசு அளிக்கப்பட்டது. திருப்பதிப் பகுதிக்கு மின்கலத் தொழில் புதிதன்று. 1985-இல் தொடங்கப்பெற்ற அமர ராஜா நிறுவனம், திருப்பதியை அடுத்த கரகம்பாடியில் ஈய-அமில மின்கலங்களைச் செய்து வருகிறது.

இலிதியம் மின்கலத்தின் ஒரு முனை கிராஃபைட்டாலும், மறு முனை உலோக ஆக்சைடு போன்ற சேர்மத்தாலும் ஆனது. இரண்டிற்கும் இடையே மெல்லிய பிளாஸ்டிக் திரை ஒன்று உண்டு. மின்னேற்றும்போது இலிதியம் அயனிகள் திரவத்தின் வழியே கிராஃபைட்டை அடைகின்றன. கருவி வேலை செய்யும்போது திரும்புகின்றன. இத்திரவம் எளிதில் தீப்பற்றும் தன்மையது. திரை கிழிந்தாலோ உருகினாலோ இரு முனைகளும் ஒன்றையொன்று தொட்டு வெப்பம் உண்டாகும். அவ்வெப்பம் மேலும் இரசாயன மாற்றங்களைத் தூண்டும். அவை இன்னும் அதிக வெப்பத்தை எழுப்பும். ஒரு கலத்தில் மூண்ட தீ அடுத்த கலத்திற்குத் தாவுவது இவ்வாறுதான்.

ஒரு கலத்தின் அழுத்தம் ஏறக்குறைய 3.6 வோல்ட், ஐந்து கலங்களைத் தொடராக இணைத்தால் 18 வோல்ட். முழுமையாக மின்னேற்றிய நிலையில் கலம் ஒன்றுக்கு 4.2 வோல்ட் ஆதலின், அதே தொகுதி 21 வோல்ட் காட்டும். ஆகவே ஐந்து கலத் தொகுதிகளில் ஒன்றில் 18 என்றும் மற்றொன்றில் 21 என்றும் அச்சிட்டிருப்பதைக் கொண்டு, பின்னது வலிமை மிக்கதென எண்ணிவிடலாகாது. 18 வோல்ட், 4 ஆம்பியர்-மணித் தொகுதி 72 வாட்-மணி சக்தியைக் கொண்டது. ஒரு லிட்டர் நீரை 30 டிகிரியிலிருந்து 90 டிகிரி சென்டிகிரேடு வரை சூடாக்க இது போதும். அவ்வளவு சக்தியும் சில நிமிடங்களில் வெளிப்படுமானால் விளைவு என்னவாகும் என்பதை ஊகித்துக் கொள்ளலாம்.

வெட்டும் பாகங்கள்

கத்தரியில் சிக்கிய குச்சியை எடுக்கவோ, அலகைத் துடைக்கவோ, சங்கிலியை இறுக்கவோ முற்படுமுன் மின்கலத் தொகுதியைக் கழற்றிவிட வேண்டும். விசையை மட்டும் நிறுத்துவது போதாது. கை தவறிப் பட்டாலும் விசை இயங்கிவிடும். மின்கத்தரி விரற்கடைப் பருமனுள்ள கொப்பை நொடியில் துண்டிக்கிறது. கொப்பிற்கும் விரலுக்கும் அதற்கு வேற்றுமை தெரியாது. ஆதலால் கிளையைப் பிடிக்கும் கை அலகிலிருந்து ஒரு முழமேனும் விலகியிருத்தல் நலம்.

சங்கிலி ரம்பத்தின் தகட்டு நுனியின் மேற்பாகம் மரத்தில் பட்டால், ரம்பம் கண்ணிமைக்கும் நேரத்தில் மேல்நோக்கித் தூக்கி எறியப்பட்டு, பிடித்திருப்பவரின் முகத்தை நோக்கி வரும். ஆகவே அதனை இரு கைகளாலும் பற்ற வேண்டும். தோளுக்கு மேல் உயர்த்தலாகாது. ஏணியில் நின்று இயக்கலாகாது. கண்ணாடி, கையுறை, கெட்டியான காலணி ஆகியவை இன்றியமையாதவை.

வெயிலும் மின்னேற்றமும்

திருப்பதியில் சித்திரை, வைகாசி மாதங்களில் நிழலிலேயே வெப்பம் 40 டிகிரியைக் கடப்பதுண்டு. பெரும்பாலான தொகுதிகளை 40 அல்லது 45 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்தில் மின்னேற்றலாகாது. எனவே வேலை முடிந்து சூடாக இருக்கும் தொகுதியை நிழலில் ஆறவிட்டு, குளிர்ந்த வேளையில், யாரேனும் விழித்திருக்கும்போது மின்னேற்றுவதே முறை. மூடிய வண்டியினுள் தொகுதியை விட்டுச் செல்லுதல் கூடாது. ஆணி, சாவி, நாணயம் கிடக்கும் பையிலும் அதனை இடலாகாது. உலோகம் இரு முனைகளையும் இணைத்துவிடும்.

மருந்து தெளிப்பானின் சார்ஜரை இலிதியம் தொகுதிக்குப் பயன்படுத்துவது பெருந்தவறு. 12 வோல்ட் ஈய-அமிலக் கலத்திற்குரிய சார்ஜர் ஏறக்குறைய 14.4 வோல்ட் வரை செலுத்தும். மூன்று கலங்கள் கொண்ட இலிதியம் தொகுதி தாங்குவது 12.6 வோல்ட் மட்டுமே. வாயிற்படியருகிலும், படுக்கையறையிலும், வைக்கோலுக்கும் சாக்குகளுக்கும் அண்மையிலும் மின்னேற்றலாகாது. சித்தூருக்கு அண்மையிலுள்ள வேலூரில், 2022 மார்ச் மாதத்தில், இரவில் மின்னேற்றத்தில் விடப்பட்ட ஸ்கூட்டர் ஒன்று தீப்பற்றியதில், உறங்கிக் கொண்டிருந்த தந்தையும் மகளும் புகையால் மூச்சுத் திணறி இறந்தனர். தோட்டக் கருவியின் தொகுதி அதனினும் சிறியதே. எனினும் மூடிய அறையில் அதன் புகையும் நஞ்சாகும்.

தீப்பற்றினால்

தொகுதி வீங்கினாலும், சீறும் ஒலியோ அசாதாரண மணமோ எழுந்தாலும் உடனே அதைவிட்டு விலக வேண்டும். தீ மூண்டால், முதலில் அனைவரையும் வெளியேற்றி, மின் இணைப்பைத் துண்டித்து, 101-க்கு அறிவிக்க வேண்டும். தொலைவிலிருந்து ஏராளமாக நீர் ஊற்றுவது பயன் தரும். மணல் சுவாலையை மூடுமேயன்றிக் கலங்களைக் குளிரச் செய்யாது. அணைந்த தொகுதி மீண்டும் பற்றக்கூடும் ஆதலால், அதனை வீட்டினுள் கொண்டு வரலாகாது.

பழுதான தொகுதியைப் பிரித்துப் பார்ப்பதும் எரிப்பதும் தீங்கு தரும். மத்திய அரசாங்கத்தின் 2022-ஆம் ஆண்டு மின்கலக் கழிவு விதிகளின்படி, கழிந்த மின்கலங்களைச் சேகரித்து மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு உற்பத்தியாளர்களுடையது. உழவர்கள் அவற்றைக் குப்பையோடு சேர்க்காமல் தனியே சேர்த்து ஒப்படைத்தல் வேண்டும்.

வேலை முடிந்ததும் அரிவாளை உறையில் இடுவது தோப்புக்காரரின் பழைய வழக்கம். கருவியை வைக்குமுன் மின்கலத் தொகுதியைக் கழற்றுவதும் அவ்வாறே கைப்பழக்கமாகிவிட்டால், இப்புதிய கருவிகளால் நேரக்கூடிய விபத்துகளுட் பலவற்றைத் தவிர்க்கலாம்.