ஜன்னலோரத் தோட்டம் – 14: வெட்டக் கூடாத காம்பு

கொடி பூக்கவில்லையா, கத்தரியை எடு என்பது நம் வீடுகளில் ஊறிப்போன வைத்தியம். மல்லிகைக்கு அது பொருந்தும். மல்லி புதுத் துளிரில்தான் அரும்பு கட்டும். குண்டுமல்லித் தோட்டங்களில் நவம்பர் கடைசியில் அரை மீட்டர் உயரம் மட்டும் விட்டுக் கவாத்து செய்வது அதற்காகத்தான். அதே கையோடு ஹோயா என்ற பூங்கொடியையும் ஒதுக்கினால் அடுத்த பருவத்துப் பூவையே குப்பையில் போட்டதாகிவிடும்.

ஹோயாவின் பூங்கொத்தை ஒருமுறை பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கணுவிலிருந்து ஒரு குட்டைக் காம்பு வரும். அதன் நுனியில் மெழுகில் வார்த்தது போன்ற நட்சத்திரப் பூக்கள், நடுவில் இன்னொரு சின்ன நட்சத்திரம். மணம் இரவில்தான் கூடும். பூ உதிர்ந்தபின் மிஞ்சும் காம்பு மொட்டையாக, பட்டுப்போன குச்சி மாதிரி இருக்கும். வெட்டத்தான் தோன்றும். வெட்டாதீர்கள்! அடுத்த தடவை பூ வருவது அதே காம்பின் நுனியில்தான். வருஷத்துக்கு வருஷம் அது கொஞ்சம் கொஞ்சமாக நீளும்; பழைய பூக்களின் தழும்பு அதில் வரிவரியாகத் தெரியும்.

இலையே இல்லாமல் சாட்டை மாதிரி நீளும் கொடிகளையும் விட்டுவிடுங்கள். இலை பிறகு வரும். புதுப் பூங்காம்புகள் பெரும்பாலும் அவற்றில்தான் பிறக்கும். கம்பி வளையத்தில் சுற்றிவிட்டால் போதும். காய்ந்ததையும் கட்டுக்கடங்காமல் போனதையும் மட்டும் கணுவுக்குச் சற்று மேலே வெட்டலாம். நுனி போனதும் பக்க மொட்டு விழித்துக்கொள்ளும். வெட்டிய இடத்தில் வழியும் பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இது எருக்கின் குடும்பம்.

சரி, பூக்க வைப்பது எப்படி? என்னைக் கேட்டால் முதல் காரணம் வெளிச்சம், இரண்டாவதும் வெளிச்சம். ஹால் மூலையில் இலை பளபளவென்று இருக்கும், பூ வராது. கிழக்கு பார்த்த ஜன்னலின் காலை வெயில் இதற்கு அமிர்தம். உச்சி வெயிலில் இலை மஞ்சளித்துவிடும். தொட்டியும் சின்னதாகவே இருக்கட்டும். காட்டில் பெரும்பாலான ஹோயாக்கள் மரத்தைப் பற்றி வளர்பவை. நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் ஓர் இனம் உண்டு. சென்னை மாகாணத்தில் பணியாற்றிய தாவரவியலாளர் ராபர்ட் வைட்டின் பெயரால் அது ‘ஹோயா வைட்டியை’ எனப்படுகிறது. ஈர மண் சூழ்ந்து நின்றால் வேர் அழுகும் என்பதால் மண்ணோடு தேங்காய் மட்டைத் துண்டுகளைக் கலந்து, மேல்மண் நன்றாகக் காய்ந்தபின் தண்ணீர் விடுங்கள். தழைச்சத்து மிகுந்த உரம் இலையைத்தான் வளர்க்கும். மொட்டு கட்டியபின் தொட்டியை இடம் மாற்றாதீர்கள், மொட்டு கொட்டிவிடும். பதியன் பூக்க இரண்டு, மூன்று வருஷம் ஆவது சகஜம்.

இதய வடிவ ஒற்றை இலையைத் தொட்டியில் நட்டு விற்கிறார்களே, அதுவும் ஹோயாதான். கணு இல்லாத இலை என்றால் வேர் மட்டும் விட்டு அப்படியே நிற்கும், கொடி ஓடாது. வாங்கும்முன் கணு இருக்கிறதா என்று பாருங்கள்.

மணிபிளாண்ட்டையும் பூக்க வைக்க முடியுமா? வெட்டினால் அடர்த்தியாகும், அவ்வளவுதான். பூப்பதற்கு வேண்டிய ஜிப்பெரலின் என்ற ஹார்மோனைத் தயாரிப்பதில் அதற்குக் குறைபாடு இருப்பதை 2016இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆய்வில் அந்த ஹார்மோனைத் தெளித்தபோது பூத்தது. வீட்டில் அதற்காக மெனக்கெட வேண்டாம்.

உங்கள் வீட்டில் செடிகளைச் சுத்தம் செய்வது வேறு ஒருவர் என்றால், ஹோயாவின் அந்த மொட்டைக் காம்பைக் காட்டி இன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லி வைத்துவிடுங்கள்.