அம்மா என்று அடித்தது எங்கே போனது?

புத்தூர்ச் சந்திக்குக் கிட்ட, வீட்டு விறாந்தையில் ஒரு பழைய கொம்பியூட்டரை வைத்துக் கடிதம், விண்ணப்பம் அடித்துக் கொடுக்கிறேன். கணவர் இல்லாமற்போன பின்னர் பிள்ளைகளைப் படிப்பித்தது இந்த வருமானம்தான்.

அயலில் இருக்கும் ஒரு அம்மா, 2009இல் காணாமற்போன மகனைப் பற்றி ஒரு விண்ணப்பம் அனுப்ப வந்தார். "பிள்ளை, வாசிக்கிறவைக்கு விளங்கிறமாதிரி வடிவா அடிச்சுத் தா" என்றார். பாமினி எழுத்தில் அடித்து மின்னஞ்சலில் அனுப்பிவிட்டேன். சில நாட்களில் தொலைபேசி வந்தது. கடிதம் முழுவதும் ஆங்கில எழுத்தாக இருக்கிறதாம், ஒன்றும் விளங்கவில்லையாம். பிழை என்னுடையது.

சகோதரிகளே, பாமினி ஆங்கில எழுத்துகளுக்கு மேலே தமிழ் உருவத்தைப் போர்த்திவிடும் எழுத்து. அந்தப் பக்கத்துக் கணினியில் பாமினி இல்லாவிட்டால் போர்வை கழன்றுவிடும். நான் "அம்மா" என்று அடித்தது அங்கே எம், கே, ஒரு அரைப்புள்ளி, மறுபடியும் கே, எச் என்று போயிருக்கிறது. யூனிக்கோட்டில் அப்படியில்லை. தமிழ் எழுத்துகளுக்கென்று சொந்த எண்கள் உண்டு. விண்டோஸ் 2000 தொடக்கம் தமிழ் யூனிக்கோட் எழுத்து கூடவே வருகிறது. பாமினிதான் கைக்குப் பழக்கம் என்றால் பி.டி.எவ் ஆக மாற்றி அனுப்புங்கள். எழுத்தும் அதற்குள்ளேயே போய்விடும்.

திரும்ப அடிக்கும்போது என் மற்றப் பழக்கங்களையும் திருத்தினேன். முதலில் தாளின் அளவு. வேர்ட் சிலவேளை அமெரிக்க 'லெட்டர்' அளவில் திறக்கும். எங்கள் கடைகளில் கிடைப்பது ஏ4, அதாவது 21 சதமமீற்றர் அகலம், 29.7 உயரம். அளவு மாறினால் வரிகள் இடம் மாறி, கையொப்பம் மட்டும் தனியே இரண்டாம் பக்கத்துக்குப் போய்விடும். 'லேஅவுட்' என்ற தலைப்பின் கீழ் 'சைஸ்' இருக்கிறது. பழைய வேர்ட்டில் அது 'பேஜ் லேஅவுட்'. இடது ஓரத்தை 3 சதமமீற்றராவது விட்டேன், கோவையில் துளையிட்டுக் கோர்க்கும்போது எழுத்து அகப்படாமல் இருக்க.

பெயர், திகதி, இடம் எல்லாவற்றையும் முன்பு இடைவெளிக் கட்டையைத் தட்டித் தட்டித்தான் நேராக்குவேன். திரையில் நேராக நிற்கும், அச்சில் கோணும். இப்போது இரண்டு நிரலில் ஒரு அட்டவணை போட்டுக் கோடுகளை மறைத்துவிடுகிறேன். இரண்டு பக்கமும் சமமாக இழுத்துவிடுவதும் தமிழுக்குச் சரிவராது. எங்கள் சொற்கள் நீளமானவை. நடுவில் பொக்கை விழும். இடது பக்கம் ஒழுங்காக இருந்தால் போதும். வரி இடைவெளி 1.5 வைத்தால் விசிறிகள் ஒன்றோடொன்று முட்டாது. புதிய பக்கம் வேண்டுமென்றால் 'என்டர்' கட்டையைப் பலமுறை தட்டாமல் 'கொன்ட்ரோல்' கட்டையோடு ஒருமுறை தட்டுங்கள்.

அச்செடுத்துக் காட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டு விரலை வைத்து வாசித்தார்.

"அவன்ர பேரை மட்டும் கொஞ்சம் தடிப்பாப் போடு பிள்ளை."

பெயரைத் தெரிவுசெய்து, 'கொன்ட்ரோல்' கட்டையோடு 'பி'யை அழுத்தினேன்.