பொருளை விவரிக்கும் முறை

ஒரு பொருளின் தொழில்நுட்ப விவரக்குறிப்பு, அதனைக் கண்டிராதவரும் அப்பொருளைச் செய்யவும் சோதிக்கவும் துணைபுரிவதாய் அமைதல் வேண்டும். 1970-களில் நம் நாட்டில் உருவான 'இந்தியா மார்க் 2' கைப்பம்பு இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும்.

முதலில் பயனைக் கூறுதல் வேண்டும்: இது ஆழ்துளைக் கிணற்றிலிருந்து கையால் நீர் இறைக்கும் கருவி. அடுத்து, பகுதிகளை மேலிருந்து கீழாக வரிசைப்படுத்தல் வேண்டும். கைப்பிடியுடன் கூடிய தலைப்பகுதி, நீர்த்தொட்டி, தாங்குபீடம் ஆகியவை தரைக்கு மேலே உள்ளவை. குழாய், இணைப்புக் கம்பி, சிலிண்டர் ஆகியவை கீழே உள்ளவை. ஒரு பகுதிக்கு ஒரே பெயர்தான் வழங்கவேண்டும். ஓரிடத்தில் 'கம்பி' என்றும் பிறிதோரிடத்தில் 'தண்டு' என்றும் எழுதினால் குழப்பமே மிஞ்சும்.

மூன்றாவது, அளவு. 'உறுதியான கம்பி' என்பது விவரமன்று, '12 மி.மீ. விட்டமுள்ள எஃகுக் கம்பி' என்பதே விவரம். சிலிண்டரின் உள்விட்டம் 63.5 மி.மீ. என்றால், அதில் ஏற்கத்தக்க வேறுபாடு எவ்வளவு என்பதையும் குறித்தல் வேண்டும்.

ஆழ்கிணற்றுக் கைப்பம்புகளுக்கான ஐ.எஸ். 9301 என்னும் இந்தியத் தரம் 1979-இல் வெளியாயிற்று. அளவுகள் இவ்வாறு வரையறுக்கப்பட்டால்தான் ஓர் ஆலையில் செய்த உதிரிபாகம் வேறோர் ஆலையின் பம்பிலும் பொருந்தும். பொருந்தாவிடில் பம்பு நின்றுவிடும். ஊர்ப் பெண்கள் குடத்துடன் தொலைவிலுள்ள குளத்தை மீண்டும் நாட நேரிடும்.