நரம்பிலும் எக்ஸ்பிரஸ் ஓடுகிறது!

திண்டிவனத்தில் பாசஞ்சர் இரயில் ஏறியிருக்கிறீர்களா? மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று வரிசையாக நின்று நின்று விழுப்புரம் போய்ச் சேரும். எக்ஸ்பிரஸ் வண்டியோ இவற்றையெல்லாம் தாண்டிப் பறந்துவிடும். நம் உடம்பிலும் இந்த இரண்டு வகை வண்டிகளும் ஓடுகின்றன என்றால் நம்புவீர்களா?

நரம்பிழைகள் பலவற்றின் மேல் மயலின் என்னும் கொழுப்பு உறை சுற்றியிருக்கிறது. மின்கம்பிக்கு மேலுள்ள பிளாஸ்டிக் உறை போன்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். உறையில் இடையிடையே சிறு இடைவெளிகள் உண்டு. இவை ரான்வியர் கணுக்கள். செய்தி ஒரு கணுவிலிருந்து அடுத்த கணுவுக்குத் தாவித் தாவிப் போகிறது. வேகம் வினாடிக்கு 100 மீட்டரைக்கூட எட்டும். உறையில்லாத மெல்லிய இழையில் 1 மீட்டர் அளவுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் ஏறத்தாழ 37 கிலோமீட்டர். உறையுள்ள நரம்பின் வேகத்தில் 6 நிமிடங்களில் போய்விடலாம். உறையில்லாத நரம்பின் வேகத்தில் 10 மணி நேரத்துக்கு மேல் ஆகும்!

இந்த உறை அழிந்துபோனால் என்ன ஆகும்? கிருமிகளை எதிர்க்க வேண்டிய நம் தற்காப்பு அணுக்களே மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள மயலினைத் தாக்கும் நோய்தான் மல்டிபிள் ஸ்கிளரோசிஸ். தாக்கப்பட்ட இடங்களில் தழும்பு விழுகிறது. பாரிஸ் நகரின் சால்பெட்ரியேர் மருத்துவமனையில் பணியாற்றிய ஷார்க்கோ என்ற மருத்துவர், 1868-இல் இதைத் தனி நோயாகத் தெளிவாக விளக்கினார்.

இந்த நோய் பெரும்பாலும் இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதில் தொடங்கும். பெண்களுக்கே அதிகம். ஒரு கண் மங்கும். சில வாரங்களில் தானே தெளியும். வீட்டில் எல்லாரும் மறந்துவிடுவார்கள். பல மாதம் கழித்துக் கால் மரத்துப்போகும். கண்ணுக்கு ஒரு டாக்டர், காலுக்கு வேறொரு டாக்டர்! இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பவர் நரம்பியல் நிபுணர். துப்பறியும் வேலைதான்.

உடம்பு சூடேறினால் பழைய தொல்லைகள் தற்காலிகமாகத் தலைகாட்டும். இதை ஊத்தாஃப் என்ற ஜெர்மன் மருத்துவர் 1890-இல் எழுதிவைத்தார். நம் ஊர் அக்கினி நட்சத்திர வெயிலில், 'நோய் மறுபடி தாக்கியதா, வெறும் சூடா?' என்று பிரித்தறிய வேண்டும்.

இது குளிர்நாட்டு நோய், இந்தியாவில் மிக அரிது என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். எம்.ஆர்.ஐ. கருவி வந்த பின் பலருக்கு இருப்பது தெரிந்தது. மங்களூரில் டாக்டர் லேகா பண்டிட் இந்த நோயாளிகளுக்கென்று ஒரு பதிவேட்டைத் தொடங்கி, அவ்வட்டாரத்தில் எத்தனை பேருக்கு இருக்கிறது என்றும் கணக்கெடுத்தார். வட ஐரோப்பாவில் இலட்சத்துக்கு நூறு பேருக்கு மேல் காணப்படும் இடங்கள் உண்டு. மங்களூரில் பத்துக்கும் குறைவு. குறைவுதான், ஆனால் இல்லாமல் இல்லை.

அவருடைய குழு இன்னொன்றிலும் கவனம் செலுத்தியது. நியூரோமையலைட்டிஸ் ஆப்டிகா என்ற நோயும் கண்ணையும் தண்டுவடத்தையும் தாக்கும். பார்வைக்கு இரட்டைப் பிறவி போல இருக்கும். அதைக் காட்டிக்கொடுக்கும் எதிர்ப்பொருள் 2004-இல்தான் அமெரிக்காவில் கண்டுபிடிக்கப்பட்டது. மல்டிபிள் ஸ்கிளரோசிசுக்கு 1993-இல் வந்த இன்டர்ஃபெரான் மருந்தை இந்த நோய்க்குக் கொடுத்தால், அது மோசமாகக்கூடும். ஆகவே இரத்தப் பரிசோதனை இங்கே உயிர்ப் பிரச்சினை.

இத்துறைக்கு வர விருப்பமா? பொறுமை வேண்டும், சொல்லிவிட்டேன்! பயிற்சிக் காலமும் சேர்த்து எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு, பொது மருத்துவத்தில் எம்.டி. மூன்று, நரம்பியலில் டி.எம். மூன்று. முதற்படி தொலைவில் இல்லை. நம் பாசஞ்சர் நின்ற அதே முண்டியம்பாக்கத்தில் 2010 முதல் அரசு விழுப்புரம் மருத்துவக் கல்லூரி இயங்குகிறது.

நோயை அடியோடு நீக்கும் மருந்து இன்னும் இல்லை. தாக்குதல்களைக் குறைக்கும் மருந்துகள் பல உண்டு. சீக்கிரம் தொடங்கினால் பலன் அதிகம். அதனால்தான் கால் மரத்துப்போய் வருகிறவரிடம் நரம்பியல் நிபுணர், சுத்தியலை எடுக்கும் முன்பே கேட்கிறார்: "இதற்கு முன்னால் எப்போதாவது கண் மங்கியதாம்மா?"